ஸ்கூபா பயிற்சிக்கு மலிவாக அறை வேண்டும்: கூகுள் மேப்ஸ் உதவுமா?

உளுந்தூர்பேட்டைக்குக் கடல் கிடையாது. ஆனால் கடலுக்கடியில் மூச்சுவிடக் கற்றுத்தரும் ஊர் சுமார் 75 கிலோமீட்டரில்தான் இருக்கிறது. புதுச்சேரி கோலாஸ் நகரில் உள்ள டெம்பிள் அட்வென்ச்சர்ஸ் போன்ற நிலையங்களில் பி.ஏ.டி.ஐ. என்னும் ஸ்கூபா பயிற்சி அமைப்பின் ‘ஓப்பன் வாட்டர்’ பயிற்சி நடக்கிறது. பத்து வயது நிரம்பியவர்கள் சேரலாம். பாடம், நீச்சல்குளப் பயிற்சி, கடலில் நான்கு முறை மூழ்குதல் என மூன்று கட்டங்கள். முடித்தால் பெரியவர்கள் 18 மீட்டர் ஆழம் வரை போகலாம்.

பயிற்சிக் கட்டணத்தில் பேரத்துக்கு இடமில்லை. மிச்சம் பிடிக்க முடிந்தது தங்கும் செலவில்தான். தினமும் வீட்டிலிருந்தே போய்வரலாமே என்று தோன்றும். விழுப்புரத்தில் பஸ் மாறி, விடியற்காலைப் படகைப் பிடிக்க வேண்டுமென்றால் நள்ளிரவு தாண்டியதுமே எழ வேண்டும். தூக்கம் கெட்ட உடம்போடு கடலில் இறங்குவது நல்லதல்ல. ஆகவே அறை எடுப்பதே சரி. அதற்குக் கூகுள் மேப்ஸ் எவ்வளவு தூரம் கைகொடுக்கிறது என்று, முன்பதிவுச் செயலிகளோடு வைத்துப் பார்த்தேன்.

தேடுவது எப்படி?

முதலில் பயிற்சி நிலையத்தை வரைபடத்தில் பிடித்துக்கொண்டு, அதன் அருகில் தேடச் சொல்ல வேண்டும். லாட்ஜ், கெஸ்ட் ஹவுஸ், டார்மிட்டரி என்று தனித்தனியாகத் தேடினால் தனித்தனிப் பட்டியல் வருகிறது. தேதியைக் கொடுத்தால் விலைகள் வரைபடத்தின் மேலேயே தெரிகின்றன. ஒயிட் டவுனை விட்டு மறைமலை அடிகள் சாலை பஸ் நிலையத்தின் பக்கம் விரலை நகர்த்தினால் வாடகை இறங்குவது கண்கூடு. சனி, ஞாயிறை விட்டுத் திங்கள், செவ்வாய் என்று மாற்றினால் இன்னும் இறங்குகிறது. வார இறுதியில் சென்னையும் பெங்களூரும் புதுச்சேரிக்கு வந்துவிடுவதே காரணம்.

விலைப் பட்டியலில் ‘விளம்பரம்’ என்று குறித்தவை மேலே நிற்கும். கீழே இறங்கிப் பார்த்தால் விடுதியின் சொந்தத் தளத்துக்கான இணைப்பும் சில இடங்களில் கிடைக்கும். மேப்ஸ் விலையைத்தான் காட்டுகிறது. அறையை விற்பது வேறொருவர்.

பிடித்தது

ஸ்கூபா கற்பவருக்கு ஏசியைவிட முக்கியம் ஈரத்துணி காய ஒரு கொடி. நான் பார்த்த எந்தச் செயலியிலும் அதற்கு வடிகட்டி இல்லை. ஆனால் மேப்ஸில் தங்கியவர்கள் போட்ட படங்களைப் புரட்டினால் விஷயம் வந்துவிடும். யாரோ மொட்டை மாடியில் எடுத்த செல்ஃபிக்குப் பின்னால் தண்ணீர்த் தொட்டியும், நைலான் கயிற்றில் நாலு துண்டும் தொங்கினால் அந்த லாட்ஜைக் குறித்துக்கொள்ளலாம். விமர்சனங்களைப் ‘புதியவை’ என்று வரிசைப்படுத்தி, உள்ளே வெந்நீர் என்று தேடலாம். பழைய ஐந்து நட்சத்திரங்களைவிடப் போன வாரத்து ஒற்றை வரிக்கு மதிப்பு அதிகம்.

அடுத்தது போன் பொத்தான். பல சிறிய லாட்ஜ்களுக்கு விலையே காட்டப்படாது. எண் மட்டும் இருக்கும். அழுத்திப் பேசியதில் ஒரு வரவேற்பாளர் சொன்னது: “நம்மகிட்ட இருபத்தி நாலு மணி நேரக் கணக்கு சார். காலைல ஆறுக்கு வந்தா மறுநாள் ஆறு வரைக்கும் ரூம் உங்களோடதுதான்.” பகல் 12 மணிக்கு அறை தந்து மறுநாள் 11 மணிக்குக் காலி செய்யச் சொல்லும் இடத்தில், காலையில் வந்து இறங்குபவருக்கு அரை நாள் வாடகை வீண். இந்த வித்தியாசம் பல சமயம் செயலியில் தெரியாது, கேட்டால்தான் தெரியும்.

அரவிந்தர் ஆசிரமத்தின் விருந்தினர் இல்லங்கள், சோலை நகர் யூத் ஹாஸ்டல் ஆகியவற்றையும் இப்படியே நேரடியாக விசாரிக்கலாம். ஆசிரம இல்லங்களில் மது, புகைக்கு இடமில்லை. இரவில் கேட்டைச் சாத்திவிடுவார்கள். விடியலில் மூழ்கப் போகிறவருக்கு இதெல்லாம் வசதியே.

பிடிக்காதது

ஒப்பிட்டுப் பார்த்த செயலிகளில் ஒன்றில், முதலில் காட்டிய வாடகை பணம் கட்டும் பக்கத்தில் ஊதிப்போயிருந்தது. வரி, சேவைக் கட்டணம், கேட்காமலே டிக் செய்திருந்த நன்கொடை, கூடவே ‘இன்னும் ஒரே அறைதான்’ என்ற மிரட்டல். இத்தகைய 13 தந்திரங்களை மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2023 நவம்பர் 30-லேயே தடை செய்திருக்கிறது. புகார் சொல்ல 1915 எண் உண்டு. வரியையும் கவனியுங்கள்: 2025 செப்டம்பர் 22 முதல் நாள் வாடகை 7,500 ரூபாய் வரையுள்ள அறைகளுக்கு ஜிஎஸ்டி 12 சதவீதத்திலிருந்து 5 ஆகக் குறைந்துவிட்டது.

இன்னொன்று எந்தச் செயலிக்கும் தெரியாதது. கடைசி நாள் மூழ்கி எழுந்தவர் உளுந்தூர்பேட்டைக்கு அன்றே திரும்பலாம், இது சமவெளி. ஆனால் கல்வராயன் மலையிலுள்ள வெள்ளிமலைக்காரர் அன்றே மலை ஏறக் கூடாது. ஸ்கூபா கணக்கில் 300 மீட்டருக்கு மேல் போனாலே உயரம்தான். கல்வராயன் அதைப் போல இரு மடங்குக்கும் மேல். உடம்பில் கரைந்த நைட்ரஜன் வெளியேற நேரம் வேண்டும். பல முறை மூழ்கியவர் விமானம் ஏற 18 மணி நேரமாவது காத்திருக்க வேண்டும் என்பது பொது விதி. மலைக்குப் போகிறவர் பயிற்சியாளரைக் கேட்டு, கூடுதலாக ஓர் இரவுக்கும் சேர்த்தே அறை எடுப்பது நல்லது.

தீர்ப்பு

தேடுவதற்கு மேப்ஸ், பேசுவதற்கு போன் என்று பிரித்துக்கொண்டால் ஐந்துக்கு நான்கு மதிப்பெண் தரலாம். மேப்ஸை மட்டும் நம்பினால் மூன்றுதான். ஒரு யோசனை: பாடப் பகுதியை இணையவழியில் வீட்டிலேயே படித்து முடித்துவிட்டுக் கிளம்புங்கள். புதுச்சேரியில் தங்கும் இரவுகள் குறையும். எந்தத் தள்ளுபடிக் கூப்பனும் அந்த அளவுக்கு மிச்சம் பிடித்துத் தராது.