ஒரே எழுத்து, இரண்டு பீக்கன்கள்

விமானங்களுக்குத் திசை காட்டும் ரேடியோ பீக்கன்கள் எந்த நாட்டில் இருந்தாலும் தம்மை அறிவிக்கும் முறை ஒன்றுதான். தமக்குரிய ஓரிரு எழுத்துகளையோ மூன்று எழுத்துகளையோ மோர்ஸில் ஓயாமல் ஒலித்துக்கொண்டிருக்கும். விமானி அதைக் கேட்டு, வரைபடத்தில் அச்சிட்டிருக்கும் புள்ளி, கோடுகளோடு ஒத்துப்பார்க்க வேண்டும். மோர்ஸ் படிக்காதவருக்கும் இது கைகூடும்.

இந்தப் பழைய முறையின் பெரிய பலம் அதன் மௌனத்தில் இருக்கிறது. பராமரிப்பு நடக்கும்போது அடையாள ஒலியை நிறுத்திவிடுவார்கள். அமெரிக்காவில் 'டெஸ்ட்' என்றே மோர்ஸில் அனுப்புவதும் உண்டு. விமானத்தின் திசைமுள் ஆடாமல் நின்றாலும், எழுத்து கேட்காவிட்டால் அந்தப் பீக்கனை நம்பக் கூடாது. பழுதைத் தானே சொல்லிவிடும் கருவிகள் குறைவு.

பலவீனம் எழுத்துகளில் இருக்கிறது. ஒரே எழுத்தை உலகில் பல பீக்கன்கள் பங்கிட்டுக்கொள்கின்றன. 600 கடல்மைலுக்குள் ஒரே அடையாளம் இரண்டுக்கு இருக்கக் கூடாது என்பது சர்வதேச விதி. இரவில் தொலைதூர பீக்கன்களைத் தேடிப் பிடிக்கும் வானொலி ஆர்வலர்கள் எழுத்தை மட்டும் நம்பாமல் அதிர்வெண்ணையும் சேர்த்துக் குறித்துக்கொள்வது இதனால்தான்.

விதியை மீறினால் என்னவாகும் என்பதைக் கொலம்பியா காட்டியது. 1995 டிசம்பர் 20 இரவு, மியாமியிலிருந்து காலி நகருக்கு வந்த அமெரிக்கன் ஏர்லைன்ஸ் 965, ரோசோ பீக்கனை நோக்கிப் போக வேண்டியிருந்தது. அதன் அடையாளம் 'ஆர்'. காலியிலிருந்து சுமார் 132 மைல் தள்ளி, பொகோட்டா அருகே இருந்த ரோமியோ பீக்கனுக்கும் அதே எழுத்து, அதே அதிர்வெண். விமானிகள் கணினியில் 'ஆர்' என்று தட்ட, பட்டியலின் முதலில் வந்தது ரோமியோ. கணினியில் ரோசோவை எடுக்க முழுப் பெயரையும் தட்ட வேண்டும் என்பது அவர்களுக்குத் தெரியவில்லை. விமானம் இடப்பக்கம் திரும்பி மலையில் மோதியது. 163 பேரில் 159 பேர் இறந்தார்கள்.

'காதால் கேட்டிருந்தால் தப்பியிருக்கலாம்' என்று சொல்லிவிடுவது எளிது. கேட்டிருந்தாலும் 'ஆர்' என்றுதான் ஒலித்திருக்கும்! 'இந்தப் பெயருள்ள நிலையம் ஒன்று வேலை செய்கிறது' என்பதற்கு மேல் மோர்ஸ் எதையும் உறுதி செய்வதில்லை. எந்த இடத்து நிலையம் என்பதைத் திசைமுள்ளும் தூரமும் வரைபடமும்தான் சொல்ல வேண்டும். ஆகவே குறை கேட்கும் வழக்கத்தில் இல்லை. பெயர் வைத்தவர்களிடமும், அந்தப் பெயர்களைக் கணினியில் அடுக்கியவர்களிடமும் இருக்கிறது. விமானிகளும் பிழையிலிருந்து தப்பியவர்கள் அல்லர்: திருப்பத்தைச் சரிபார்க்காமலே கணினிக்கு ஒப்புதல் கொடுத்தார்கள்.

செயற்கைக்கோள் வந்தபின் இந்தப் பீக்கன்கள் நாடுதோறும் மூடப்பட்டு வருகின்றன. எஞ்சியிருப்பவை ஒலிக்கும்வரை மோர்ஸ் அடையாளம் இருக்கட்டும். ஒற்றை எழுத்துப் பெயர்களை முதலில் ஒழிக்க வேண்டும்.