கூச்சமும் புகழும்: இளைஞர் நாவல்கள் பற்றி ஒரு நோக்கு
நாலுபேர் முன்னிலையில் வாய்திறக்க அஞ்சும் பிள்ளை, முகந்தெரியாத இலட்சம் பேரின் அபிமானத்தைப் பெறுவது எங்ஙனம்? அப்புகழ் அப்பிள்ளையை என்ன செய்கிறது? அண்மைக்காலத்தில் ஆங்கிலத்தில் வெளிவந்த இளைஞர் நாவல்கள் பல இம்முரண்பாட்டையே கருவாகக் கொண்டுள்ளன. இவற்றை மேலைத்தேய மத்தியதர வர்க்கத்தின் செல்ல நோய் என்று ஒதுக்குவது எளிது. ஆயின், இலக்கியத்தைச் சமுதாயத்தின் விளைபொருளாகக் காண்போர் அத்தீர்ப்போடு அமைதி கொள்ள இயலாது. அச்சம் தனிமனிதனின் நெஞ்சில் தோன்றலாம். அதனை விளைவிக்கும் நிலம் சமுதாயமே.

யூடியூப் வாயிலாகப் பெயர்பெற்ற ஸோயி சக்கின் 'கேர்ள் ஒன்லைன்' 2014 நவம்பரில் இங்கிலாந்தில் வெளிவந்தது. முதல் வாரத்திலேயே 78,000 பிரதிகளுக்குமேல் விற்பனையாயிற்று. அதன் நாயகி பென்னி, பிரைட்டன் நகரத்துப் பதினைந்து வயது மாணவி. திடீர்ப் பீதியால் மூச்சுமுட்டுபவள். தன் பெயரை மறைத்து வலைப்பதிவு எழுதுபவள். பள்ளி நாடகத்தில் அவள் இடறிவிழும் காட்சி இணையத்தில் பரவ, ஊரே நகைக்கிறது. அவமானத்தின் இயக்கத்தை நாவல் நன்கு காட்டுகிறது. ஆனால் மருந்தாக அது தருவது என்ன? நியூயோர்க் பயணமும் பாடகன் ஒருவனின் காதலும். நகைத்த கூட்டம் ஏன் நகைத்தது, அந்நகைப்பினால் இலாபம் பெற்றவர் யார் என்ற வினாக்கள் எழவேயில்லை.

நாவல் மறைத்த உண்மையை அதன் வரலாறே வெளியிட்டது. அதே ஆண்டு டிசம்பரில், ஸோயி சக் அந்நூலைத் தனியே எழுதவில்லை என்பதைப் பதிப்பகமான பெங்குவின் ஒப்புக்கொண்டது. ஷிவோன் கேர்ஹம் என்ற எழுத்தாளரின் பெயர் நன்றியுரையில் மட்டும் இருந்தது. உழைப்பு ஒருவருடையது, அட்டையிலுள்ள பெயர் மற்றொருவருடையது என்றால், புகழ் என்பது சந்தைப் பண்டம் என்பதற்கு வேறு சான்று வேண்டுமா?

பிரான்செஸ்கா ஸாப்பியாவின் 'எலைஸா அண்ட் ஹெர் மொன்ஸ்டர்ஸ்' (2017) இதனினும் ஆழமானது. எலைஸா பள்ளியில் ஒருவரோடும் பேசாதவள். இணையத்திலோ, புனைபெயரில் சித்திரக்கதை வரைந்து பெரும் வாசகர் கூட்டத்தைப் பெற்றவள். அன்புமிக்க பெற்றோர் பெருமிதத்தால் உள்ளூர்ப் பத்திரிகையில் அவளது இரகசியத்தை வெளியிட, அவள் நிலைகுலைந்து தூரிகை தொடமுடியாதவளாகிறாள். வாசகர்கள் கதைமுடிவைக் கேட்டு நெருக்குகின்றனர். அவளை நேசித்த வாலஸின் புத்தக ஒப்பந்தமும் அம்முடிவையே நம்பியிருப்பதால் அவனும் நெருக்குகிறான். படைப்பாளி மறைந்து படைப்புமட்டும் வேண்டப்படும் இவ்விடத்தில் ஸாப்பியா யதார்த்தத்தைத் தொட்டுவிடுகிறார். பின்னர் மருத்துவ ஆலோசகரின் அறையில் மீட்சியைத் தேடி, அவ்வினாவைத் தனியொருத்தியின் சுகவீனமாகச் சுருக்கிவிடுவதே நாவலின் குறை.

இவை நமக்குத் தூரத்துக் கதைகளல்ல. 2021 டிசம்பரில் பருத்தித்துறைப் பகுதியில் பட்டக்கயிற்றோடு வானில் தூக்கப்பட்ட இளைஞனின் காட்சி உலகெங்கும் பரவிற்று. புகழை நாடியா அவன் கயிற்றைப் பற்றினான்? தைப்பொங்கலன்று வல்வெட்டித்துறைக் கடற்கரையில் பட்டம் ஏற்றுபவனுக்கு ஊரே சபை. வென்றாலும் தோற்றாலும் மாலையில் அவன் அவர்களுக்குத் தம்பி, மச்சான். கைத்தொலைபேசியின் சபைக்கு இந்த உறவு இல்லை. ஆயினும் ஊரைப் பொன்னுலகமாக்குவதும் பொய்யே. சாதி பார்க்கும் கண்ணும், சீதனம் பேசும் வாயும், பரீட்சைப் பெறுபேற்றால் பிள்ளையை எடைபோடும் வழக்கமும் இவ்வூர்ச் சபைக்கும் உரியன. இன்று அச்சபை கடல்கடந்து விரிந்துள்ளது. சந்தியில் நடந்தது தாய்க்குத் தெரியுமுன் டொரொன்டோவிலுள்ள மாமாவுக்குத் தெரிந்துவிடுகிறது. 2009இல் யுத்தம் முடிந்தபின் பிறந்தோர் பலர் நம் வகுப்பறைகளில் இருக்கின்றனர். வீடுகளின் பேசாத துயரத்தினூடே வளர்ந்தவர்கள் அவர்கள். பின்வரிசையில் தலைகுனிந்திருக்கும் மாணவியின் மௌனத்துக்கு இத்தனை வேர்கள் உண்டு.

அம்மௌனத்தை எழுதும் தமிழ் நாவல் எங்கே? சிறுவருக்கு நீதிக்கதை தருகிறோம். முதியோருக்கு நாவல் தருகிறோம். இடைப்பட்ட பதினாறு வயதுக்கு நாம் தருவது கடந்தகால வினாத்தாள்கள் மட்டுமே. பென்னியின் பீதியையும் எலைஸாவின் தனிமையையும் நம் எழுத்தாளர் இரவல் வாங்க வேண்டியதில்லை. அவர்கள் தவறவிட்ட வினாவைக் கேட்டால் போதும்: இப்பிள்ளையை அஞ்சவைப்பவர் யார்? அவ்வினாவைத் துணிந்து கேட்கும் நாவலே, தனித்து அஞ்சுபவர் தனியரல்லர் என்பதை உணர்த்தும்.