சாம்பியனுக்கு என்ன ரேட்?

2024 மே மாதம், பார்சிலோனா. சனிக்கிழமை நடக்கும் குறும்பந்தயமான ஸ்பிரின்ட்டின் கடைசிச் சுற்று. முன்னால் போய்க்கொண்டிருந்த பெக்கோ பன்யாயா ஐந்தாவது வளைவில் பைக்கோடு சறுக்கி விழுந்தார். கையில் இருந்த 12 புள்ளிகள் போயின. அந்தப் பருவம் நவம்பரில் அதே தடத்தில் முடிந்தபோது கணக்கு இது: ஹோர்ஹே மார்ட்டின் 508, பன்யாயா 498. ஞாயிற்றுக்கிழமைப் பந்தயங்களில் 11 வெற்றி பெற்றவருக்கு இரண்டாமிடம். மூன்றே மூன்று வென்றவர் உலக சாம்பியன்.

மோட்டார் சைக்கிள் பந்தயமான மோட்டோஜிபியில் சாம்பியன் பட்டத்துக்கு, பெட் வாங்கும் புக்கிகள் போடும் ரேட்டைப் படிக்க வேண்டிய இடம் இதுதான். பருவம் முழுக்க யார் விழாமல் தப்புவார் என்பதற்கும் சேர்த்தே அந்த ரேட் போடப்படுகிறது. வேகம் அதில் ஒரு பங்குதான்.

முதலில் கணக்கு. ஒரு வீரருக்கு 1.80 என்று ரேட் போட்டால், 100 கட்டியவருக்கு அவர் ஜெயித்தால் 180 திரும்பி வரும். கட்டிய பணமும் அதற்குள் அடக்கம். ஒன்றை 1.80-ஆல் வகுத்தால் ஏறக்குறைய 55.6 சதவீதம். அவ்வளவு வாய்ப்பு அவருக்கு இருப்பதாக ரேட் சொல்கிறது. ஓர் உதாரணத்துக்கு, அடுத்தவருக்கு 3.50, மூன்றாமவருக்கு 6.00, மற்ற எல்லோருக்கும் சேர்த்து 7.00 என்று வைத்துக்கொள்வோம். முறையே 28.6, 16.7, 14.3 சதவீதம். நான்கையும் கூட்டிப் பாருங்கள், 115-க்கு மேல் வரும். நடக்கக்கூடியது எல்லாம் சேர்ந்து 100-ஐத் தாண்ட முடியாது. மேலே நிற்கிற 15-தான் புக்கியின் லாபம். யார் ஜெயித்தாலும் அவர் கல்லாவில் ஏதாவது மிஞ்சும்படி போட்ட கணக்கு இது.

இருபதுக்கும் மேற்பட்ட வீரர்கள் இருக்கும் பட்டியலில் இந்த லாபம் கண்ணுக்குத் தெரியாமல் பரவிக் கிடக்கும். ஆயிரத்தில் ஒரு வாய்ப்புகூட இல்லாதவருக்கு 201 என்று ரேட் போட்டால் பார்க்கத் தாராளமாகத்தான் இருக்கும். புக்கிக்கு அங்கேதான் கொள்ளை லாபம். பிரபலமான பெயர்களின் கதை வேறு. ரசிகர்கள் பாசத்தில் பணத்தைக் கொட்டுவார்கள். திறமை கூடாமலேயே ரேட் இறங்கிவிடும். அதாவது வாய்ப்பு எவ்வளவு என்பதோடு, பணம் எந்தப் பக்கம் குவிகிறது என்பதும் ரேட்டில் கலந்திருக்கிறது.

இனி எலும்புக் கணக்கு. 2020 ஜூலை, ஹெரெஸ், பருவத்தின் முதல் பந்தயம். மார்க் மார்க்வெஸ் தடத்தை விட்டு வெளியே போய்ப் பின்தங்கி, ஒவ்வொருவராகத் தாண்டி மூன்றாமிடத்துக்கு வந்து, முடிய சில சுற்றுகளே இருந்தபோது தூக்கி எறியப்பட்டார். வலது மேற்கை எலும்பு முறிந்தது. அறுவை சிகிச்சை முடிந்த சில நாளிலேயே மறுபடி பைக்கில் ஏறிப் பார்த்தார், முடியவில்லை. அந்த ஆண்டு அவருக்கு ஒரு புள்ளிகூட இல்லை. இப்படி ஆனால், பருவத்துக்கு முன்பே அவர்மேல் கட்டிய பணம் பொதுவாகத் திரும்பி வராது. நீண்டகால பெட்டின் நிபந்தனையே அதுதான்.

பட்டம் யாருக்குப் போனது? முதல் இரண்டு பந்தயங்களையும் வென்ற ஃபேபியோ குவார்ட்டராரோ பருவ முடிவில் எட்டாமிடம். மூன்று பந்தயங்களுக்குப் பிறகு வெறும் 11 புள்ளியோடு, அவரைவிட 48 புள்ளி பின்னால் நின்ற ஜோன் மிர் 171 புள்ளியுடன் சாம்பியன். மொத்தம் 14 பந்தயங்களில் மிர் ஜெயித்தது ஒன்றே ஒன்று. ஆனால் ஏழு முறை மேடை ஏறினார். முதலிடத்துக்கு 25, இரண்டாமிடத்துக்கு 20, மூன்றாமிடத்துக்கு 16 என்ற புள்ளி முறையில், ஒரு தடவை விழுவதால் ஏற்படும் நஷ்டத்தை ஒரு வெற்றியால் ஈடுகட்டிவிட முடியாது. நானாக இருந்தால் பருவத் தொடக்கத்தில் வெற்றிப் பட்டியலைத் தள்ளிவைத்துவிட்டு, போன வருஷம் யார் எத்தனை தடவை விழுந்தார் என்பதைத்தான் முதலில் எடுத்துப் பார்ப்பேன்.

நடுவழியில் ரேட் தலைகீழாவதும் உண்டு. 2022-இல் ஜெர்மனி பந்தயம் முடிந்தபோது பன்யாயா முதலிடத்தில் இருந்தவரைவிட 91 புள்ளி பின்னால். பாதிப் பருவம் போய்விட்டது. அடுத்த நான்கு பந்தயங்களையும் வரிசையாக வென்று, கடைசியில் 17 புள்ளி வித்தியாசத்தில் பட்டத்தைத் தட்டிச் சென்றார். 2023-இல் சனிக்கிழமை ஸ்பிரின்ட் வந்த பிறகு ஒரு வார இறுதிக்கு அதிகபட்சம் 37 புள்ளி. துரத்துகிறவருக்கு அது வாய்ப்பு. விழுகிறவருக்கு இரட்டை அடி.

ஒரே பந்தயத்துக்குக் கட்டுகிறவர்களுக்கு வேறொரு சிக்கல். 2025 கத்தாரில் மாவெரிக் வின்யாலெஸ் இரண்டாவதாக வந்து மேடையும் ஏறினார். டயர் அழுத்தம் விதிக்குக் குறைவு என்று பிறகு 16 விநாடி தண்டனை. 14-ஆம் இடத்துக்குப் போனார். பல புக்கிகளின் விதிப்படி மேடையில் நின்ற வரிசைதான் செல்லும், பின்னால் வரும் தண்டனை செல்லாது. புள்ளிப் பட்டியல் ஒன்று, பெட் கணக்கு இன்னொன்று.

அதே 2025-இல் மார்க்வெஸ், பருவத்தில் ஐந்து பந்தய வாரங்கள் மீதமிருக்கும்போதே மொட்டேகியில் பட்டத்தை உறுதி செய்தார். அடுத்த பந்தய வாரத்திலேயே, இந்தோனேசியாவில், மார்கோ பெட்செக்கி மோதித் தோள்பட்டையில் காயம். மிச்ச நான்கு வாரங்களுக்கும் மார்க்வெஸ் வரவில்லை. இதே மோதல் மார்ச்சில் நடந்திருந்தால் பட்டமே வேறு கைக்குப் போயிருக்கலாம். எந்த ரேட்டும் இதை முன்கூட்டிச் சொல்லியிருக்காது.

இதெல்லாம் பிரிட்டன் போல புக்கிகளுக்கு உரிமம் தரும் நாடுகளின் கதை. இந்தியாவில் 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய சட்டம் பணம் கட்டி ஆடும் இணைய ஆட்டங்களைத் தடை செய்கிறது. நடத்துபவருக்கு மூன்று ஆண்டு வரை சிறை, ஒரு கோடி ரூபாய் வரை அபராதம். விளம்பரம் செய்வதும் குற்றம்.