வாயை ஒட்டுவதற்கு முன் மூக்கைப் பாருங்கள்

ஸ்லீப் ஆப்னியாவுக்கு சிபேப் போட்டும் காலையில் வாய் வறண்டுபோகிறதா? 'வாயில் டேப் ஒட்டுங்கள்' என்கிறார்கள் யூடியூப்பில். எனக்கு உடன்பாடில்லை.

1981-ல் காலின் சல்லிவன் சிட்னியில் அறிமுகப்படுத்திய முறையே, மூக்குவழியே காற்றை அழுத்தித் தொண்டையைத் திறந்து வைப்பதுதான். வாய் திறந்தால் அந்தக் காற்று வாய்வழியே ஓடிவிடும். வெளிமூச்சோடு மூக்குக்குத் திரும்ப வேண்டிய ஈரமும் போச்சு. மூக்கின் உள்சவ்வு காய்ந்து வீங்கும், அடைக்கும். வாய் இன்னும் திறக்கும். இதில் டேப் கடைசிக் கண்ணியை மட்டும் பிடிக்கிறது. அடைத்த மூக்கோடு வாயையும் ஒட்டிட்டா மூச்சுக்கு எங்கே போறது?

நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கிட்டு பல நாள் எழுந்தவன் நான். எனக்கு உதவியது, சூடேற்றும் ஹியூமிடிஃபையரும் மூக்கடைப்புக்கு டாக்டரைப் பார்த்ததும். அதற்கும் அடங்காதவர்களுக்கு மூக்கு, வாய் இரண்டையும் மூடும் மாஸ்க் இருக்கவே இருக்கிறது.