வகுத்தல் என்னும் சொல்

பிரிக்பீல்ட்ஸில் ஆசிரியர் சிலர் மாதந்தோறும் கூடி நடத்தும் குறள் வகுப்பில் அண்மையில் இறைமாட்சி அதிகாரம் பாடமாயிற்று. ஐந்தாம் குறளுக்கு வந்தபோது இளம் ஆசிரியர் ஒருவர் எழுந்து, “ஐயா, நாடு பட்ட கடன் ஓர் இலட்சம் கோடி வெள்ளியைத் தாண்டிவிட்டது என்கிறார்கள். எந்தச் செலவை வெட்டச் சொல்கிறார் வள்ளுவர்?” என்று கேட்டார். “வகுத்தல் என்ற சொல்லிலேயே விடை இருக்கிறது” என்று கூறி அமர்ந்துவிட்டேன். கிள்ளானுக்கு இரயிலில் திரும்பும்போதுதான் யான் கூறியது விடையாகாது என்பது உறைத்தது. அக்குறையை இங்கே நிறைவு செய்ய முயல்கின்றேன்.

அக்குறள் அரசன் வல்லவனாக இருக்கவேண்டிய தொழில்களை நான்காக எண்ணுகின்றது. பொருள் வரும் வழிகளை உண்டாக்குவது, வந்ததைத் தொகுப்பது, தொகுத்ததைக் காப்பது, காத்ததைப் பகுத்துச் செலவிடுவது என்பன அவை. நான்காவதை நாம் வகுப்பில் ‘பகிர்ந்தளித்தல்’ என்று ஒரே சொல்லில் முடித்துவிடுகிறோம். பரிமேலழகர் அவ்வாறு முடிக்கவில்லை. செலவு முழுவதையும் அறம், பொருள், இன்பம் என மூன்று தலைப்பில் பிரித்துப் பட்டியலே தருகின்றார். கடவுளர்க்கும் அந்தணர்க்கும் வறியவர்க்கும் கொடுப்பதும், புகழ் கருதிக் கொடுப்பதும் அறச்செலவு. படைக்கும் நாட்டுக்கும் கோட்டைக்கும், பகைவரிடமிருந்து பிரித்துத் தன்னோடு சேர்த்துக்கொள்ள வேண்டியவர்க்கும் கொடுப்பது பொருட்செலவு. மண்டபமும் குளமும் செயற்கைக் குன்றும் சோலையும் இன்பச்செலவு. காத்தலுக்கு உரை கூறும்போதும் அவர் விழிப்பாகவே இருக்கின்றார். பகைவரையும் கள்வரையும் மட்டுமன்றி, அரசனின் சுற்றத்தாரையும் வினைசெய்வாரையும் பொருளைக் கொள்ளக்கூடியவர் வரிசையில் வைக்கின்றார். 2009இல் தொடங்கப்பெற்ற 1எம்டிபி நிறுவனத்தின் கடனை அரசாங்கமே கட்ட நேர்ந்ததைக் கண்ட நமக்கு இந்த இடத்தில் வேறு விளக்கம் வேண்டுவதில்லை.

ஆயினும் இப்பட்டியலில் இரண்டு இடங்களில் உரையாசிரியரோடு மாறுபட வேண்டியவனாகின்றேன்.

முதலாவது, புகழுக்காகச் செய்யும் செலவை அறத்தின்பாற் சேர்த்தது. புலவர்க்கும் இரவலர்க்கும் கொடுத்துப் புகழ் பெற்ற மன்னர்களை நினைந்து அவர் அவ்வாறு எழுதியிருக்கலாம். ஆனால் புகழ் வேண்டிக் கட்டும் கட்டடத்துக்கும் இன்பத்துக்காகக் கட்டும் மண்டபத்துக்கும் வேறுபாடு யாது? அறம் என்ற பெயர் பெற்றுவிட்டால் அச்செலவை எவரும் தொடமாட்டார்கள். இன்பம் என்ற பெயர் பெற்றால் முதலில் வெட்டுப்படும்.

இரண்டாவது, கல்வி எத்தலைப்பிலும் இல்லாமை. இறைமாட்சியை அடுத்துக் கல்வி அதிகாரத்தை வள்ளுவர் வைத்தார். உரையாசிரியரோ அதனை அரசன் தான் கற்கவேண்டிய நூல்களைக் கற்பதாகக் கொண்டார். குடிமக்கள் பிள்ளைகளுக்கு அரசன் செய்யவேண்டிய செலவாக அது அவர் கணக்கில் ஏறவில்லை. முதலாம் இராசேந்திரன் காலத்தில் எண்ணாயிரத்துக் கல்லூரியில் 340 மாணாக்கர்க்கு உணவும் படியும் அளித்ததைக் கல்வெட்டு கூறுகின்றது. அது வேதக் கல்லூரி. ஆகவே அந்தணர்க்கு அளித்த கொடையாய் அறக்கணக்கில் அடங்கிப்போயிற்று. உழவன் மகனின் பள்ளிக்கு அன்று தலைப்பே இல்லை.

இன்றைய கணக்கேட்டில் தலைப்பு உண்டு. ஆனால் எத்தகைய தலைப்பு? நமது வரவு செலவுத் திட்டம் செலவை நடைமுறைச் செலவு என்றும் மேம்பாட்டுச் செலவு என்றும் இரண்டாகப் பிரிக்கின்றது. ஆசிரியர் ஊதியம் நடைமுறைச் செலவு. கட்டடமும் சாலையும் மேம்பாட்டுச் செலவு. ஒரு பிள்ளைக்கு எழுத்தறிவிப்பது அன்றாடம் தீர்ந்துபோகும் செலவாகவும், மண்டபம் எழுப்புவது நாட்டின் முன்னேற்றமாகவும் ஏட்டில் நிற்கின்றன. 2023இல் இயற்றப்பெற்ற நிதிப் பொறுப்புச் சட்டம் கடனுக்கு நாட்டு மொத்த உற்பத்தியில் 60 விழுக்காடு என்றும் பற்றாக்குறைக்கு 3 விழுக்காடு என்றும் எல்லை வகுத்தது. மேம்பாட்டுச் செலவு 3 விழுக்காட்டுக்குக் குறையலாகாது என்றும் காப்பளித்தது. அளவு கூறிய அளவில் நல்ல சட்டமே. எனினும் எதனை வெட்டுவது என்னும் வினா வரும்போது, காப்புப் பெற்ற தலைப்பு ஒதுங்கி நிற்க, காப்பற்ற தலைப்பின் மீதுதானே கத்தி விழும்?

கடனைக் குறைக்கவே வேண்டாம் என்று யான் கூற வரவில்லை. 2025ஆம் ஆண்டுத் திட்டத்தில் கல்வி அமைச்சுக்கு ஏறத்தாழ 6,400 கோடி வெள்ளி ஒதுக்கினார்கள். கடன் வட்டிக்கு மட்டும் 5,400 கோடிக்கு மேல் மதிப்பிட்டார்கள். பள்ளிக்குப் பத்து வெள்ளி போனால் வட்டிக்கு எட்டரை வெள்ளி போகின்றது. பழங்காலத்தில் குறியெதிர்ப்பை என்றொரு கடன் இருந்தது. அளந்து வாங்கியதை அதே அளவில் திருப்பித் தருவது. தோட்டத்து லயங்களில் ஓர் ஆழாக்கு அரிசி கைமாறியது அம்முறையிற்றான். அதற்கு வட்டி இல்லை. அரசாங்கத்துக்கு அவ்வாறு கடன் கொடுப்பார் எவரும் இல்லை.

வெட்டிய பட்டறிவும் நமக்கு உண்டு. 2018இல் புதிய அரசாங்கம் அமைந்தபோது அமைச்சர்களின் அடிப்படைச் சம்பளத்தில் 10 விழுக்காடு குறைக்கப்பட்டது. மே 30ஆம் நாள் மக்கள் நன்கொடைக்கு நம்பிக்கை நிதி திறக்கப்பட்டது. அதில் 20 கோடி வெள்ளிக்கு மேல் சேர்ந்தது. மக்களின் மனம் பெரிது. ஆனால் ஐந்தாம் ஆண்டு மாணவன் வகுத்துப் பார்த்தாலும் ஓர் இலட்சம் கோடியில் அது ஐயாயிரத்தில் ஒரு பங்கே என்பான். பெரிய வெட்டு எங்கள் ஊர் இரயிலில் விழுந்தது. பண்டார் உத்தாமாவிலிருந்து கிள்ளான் வரும் மூன்றாம் இலகு இரயில் திட்டத்தின் செலவு 3,165 கோடியிலிருந்து 1,663 கோடியாகக் குறைக்கப்பட்டதாக அவ்வாண்டு சூலையில் அறிவித்தார்கள். அவ்வளவு குறைக்க இயன்றதென்றால் முதற் கணக்கில் கொழுப்பு மிகுந்திருந்தது என்பது வெளிப்படை. குறைத்தவரைப் பாராட்டவே வேண்டும். ஆனால் கொழுப்போடு சதையும் போயிற்று. ஆறு பெட்டி வண்டி மூன்று பெட்டியாயிற்று, நிலையங்களும் குறைந்தன. ஒத்திவைக்கப்பட்ட ஐந்து நிலையங்களை மீண்டும் கட்ட 470 கோடி வெள்ளியை 2023 அக்டோபரில் அறிவித்தார்கள். புக்கிட் ராஜாவும் பண்டார் பொட்டானிக்கும் அவற்றுள் அடங்கும். சிங்கப்பூருக்கான விரைவு இரயிலை ஒத்திவைத்துப் பின் கைவிட்டதில், ஓடாத இரயிலுக்கு 10 கோடி சிங்கப்பூர் வெள்ளிக்கு மேல் இழப்பீடு தர நேர்ந்தது. வெட்டுவதற்கும் ஒரு செலவு உண்டு.

இதற்கு மாறாக, வகுத்தல் என்ற சொல்லுக்குப் பொருந்த நடந்தது எண்ணெய் மானிய மாற்றம் என்பேன். 2024 சூன் 10 முதல் தீபகற்பத்தில் டீசலுக்கும், 2025 செப்டம்பர் 30 முதல் ரோன்95 பெட்ரோலுக்கும் பெறுவோரைப் பிரித்து மானியம் அளித்தார்கள். அதற்கு முன் நான்கு மோட்டார் வண்டி வைத்திருப்பவர் நான்கு பங்கு மானியம் பெற்றார். மோட்டார் சைக்கிளில் பால்வெட்டப் போகிறவர் ஒரு போத்தல் அளவு பெற்றார். வறியவர்க்கு என்று பெயரிட்டு வளமானவர்க்குக் கொடுத்த அச்செலவை அறத்தலைப்பிலிருந்து பெயர்த்து எடுத்தது சரியே. டீசல் விலை ஒரே இரவில் 2 வெள்ளி 15 காசிலிருந்து 3 வெள்ளி 35 காசுக்கு ஏறியபோது பள்ளிப் பேருந்துக்காரர்களும் பெற்றோர்களும் பட்ட கவலையை யான் மறக்கவில்லை.

பள்ளியிலேயே கைவைத்த வரலாறு சென்னை மாநிலத்தில் உண்டு. 1953இல் இராசாசி அரசாங்கம், பிள்ளைகள் பெருகினர், பணம் போதவில்லை என்ற நிலையில், கிராமத் தொடக்கப் பள்ளிகளின் நேரத்தைக் குறைத்து அதே ஆசிரியரைக் கொண்டு இரு வேளை நடத்த முற்பட்டது. மீதி நேரத்தில் பிள்ளை தந்தையின் தொழிலைப் பழகவேண்டும் என்றது. கணக்குப் பார்த்தால் அது நல்ல சிக்கனம். குலக்கல்வி என்று நாடே எதிர்த்தது. 1954இல் காமராசர் அதனைக் கைவிட்டார். 1956இல் மதிய உணவுத் திட்டத்தையும் தொடங்கினார். பணத்தட்டுப்பாடு நீங்கிவிட்டதால் அவர் அவ்வாறு செய்யவில்லை. கல்வியை எத்தலைப்பில் எழுதுவது என்பதில்தான் இருவரும் வேறுபட்டனர்.

இனி எங்கள் பள்ளிகளுக்கு வருகின்றேன். 150க்கும் குறைந்த மாணவர் பயிலும் பள்ளிகளை மூடினால் எவ்வளவு மிச்சமாகும் என்று பேசுவோர் உளர். தோட்டப் பள்ளிகளுள் பல அவ்வகையின. அவர்கள் கூற்றில் உண்மையே இல்லை என்று சாதிக்கமாட்டேன். தோட்டம் வீடமைப்பாகி, மக்கள் கிள்ளானுக்கும் ஷா ஆலாமுக்கும் குடிபெயர்ந்தபின், சில பிள்ளைகளுக்காக ஆறு வகுப்பு நடத்துவது எவருக்கும் நன்றன்று. யான் முன்பு பணியாற்றிய ஒரு பள்ளியில் கூரை ஒழுகியது. நிலம் தனியாருடையது என்று அலுவலகம் கடிதத்தைத் திருப்பியது; நாளை விற்கப்போகும் நிலத்துக்கு எதற்குக் கூரை என்றார் நிருவாகி. மழை நாளில் இரண்டு வகுப்பை ஒன்றாக்கிப் பாடம் நடத்தினோம். அந்த ஆண்டு அரசாங்கத்துக்கு ஒரு கூரையின் விலை மிச்சம்.

அத்தகைய பள்ளியின் உரிமத்தைப் பிள்ளைகள் குடியிருக்கும் இடத்துக்கு மாற்றித் தருவதே முறை. மாற்றிய பள்ளிகள் பல நிரம்பியும் இருக்கின்றன. அதற்கு ஆகும் கட்டடச் செலவு, நல்வாய்ப்பாக, மேம்பாட்டுத் தலைப்பிலேயே வருகின்றது. அடுத்த வகுப்பில் அவ்விளம் ஆசிரியரிடம் இதைத்தான் கூறவிருக்கின்றேன். பரிமேலழகர் பட்டியலையும் அச்சிட்டு எடுத்துச் செல்வேன். புகழை அவரே எந்தத் தலைப்பில் எழுதுகிறார் என்று பார்க்கவேண்டும்.