கண்ணுக்குப் பழக்கிய காதல்
‘லவ் இஸ் பிளைண்ட்’ தொடரை முன்வைத்துச் சில குறிப்புகள்

தொலைக்காட்சிக் காதல் நிகழ்ச்சியொன்றைப் பற்றி இச்சஞ்சிகையில் எழுதுவது சிலருக்கு வீண்வேலையாகப் படலாம். எனக்கும் முதலில் அப்படித்தான் பட்டது. 2025 செப்ரெம்பரில் வெளியான ‘லவ் இஸ் பிளைண்ட்’ நிகழ்ச்சியின் பிரெஞ்சுப் பதிப்பை, பிரெஞ்சு கொஞ்சம் காதில் ஏறட்டும் என்றுதான் பார்க்கத் தொடங்கினேன். பாரிஸ் உணவகக் குசினிகளில் பத்து வருடங்களுக்கு மேல் நின்றும் எனக்குத் தெரிந்த பிரெஞ்சில் பெரும்பகுதி கட்டளைகளும் திட்டுகளுமே. நிகழ்ச்சியில் வருபவர்களோ ஆறுதலாக, முழு வசனங்களில் பேசினார்கள். பிறகு அமெரிக்க மூலத்தொடரின் பழைய பருவங்களையும் தேடிப் பார்த்தேன். அது என்னுடைய பழைய கணக்கொன்றைக் கிளறும் என்று அப்போது நினைக்கவில்லை.

நிகழ்ச்சியின் அமைப்பு எளிமையானது. ஓர் ஆணும் ஒரு பெண்ணும் அடுத்தடுத்த இரு சிற்றறைகளில் இருக்கிறார்கள். நடுவில் சுவர். குரல் கேட்கும், முகம் தெரியாது. இப்படிப் பத்து நாட்கள் பலரோடும் பேசி, ஒருவரைத் தேர்ந்து, திருமணத்துக்குச் சம்மதம் கேட்டபின்பே முகம் பார்க்கலாம். பிறகு உல்லாசப் பயணம், ஒரே வீட்டில் வாழ்க்கை, உறவினர் சந்திப்பு. சில வாரங்களில் மணமேடை. அங்கே ‘ஆம்’ அல்லது ‘இல்லை’. நிக் லஷேயும் வனெஸா லஷேயும் நடத்தும் இத்தொடர் நெற்பிளிக்ஸில் 2020 பெப்ரவரியில் தொடங்கியது. காதல் குருடுதானா என்பதே அவர்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்வி. இதனை ஒரு ‘பரிசோதனை’ என்கிறார்கள்.

பின்னேர இடைவேளையில் என் தொலைபேசியை எட்டிப்பார்த்த குசினி அண்ணை, 1987 இல் இங்கு வந்தவர், இப்படிச் சொன்னார்: “உதை உவங்கள் இப்பதான் கண்டுபிடிச்சிருக்கிறாங்களே? நான் ஒரு போட்டோவையும் பதினேழு கடிதத்தையும் வைச்சுக்கொண்டு கலியாணம் முடிச்சனான். போட்டோவும் மனிசியின்ர தங்கச்சியின்ர எண்டு ஏயார்போட்டிலதான் தெரியும்.”

எல்லோரும் சிரித்தோம். அவரிடம் பிறகு வருகிறேன்.

*

இந்தப் ‘பரிசோதனை’ புதியதுமல்ல. 2003 இல் என்.பி.சி. நிறுவனம் ‘அவரேஜ் ஜோ’ என்றொரு நிகழ்ச்சியை ஒளிபரப்பியது. ஓர் அழகிய பெண்ணின் முன் சாதாரணத் தோற்றமுடைய ஆண்களைக் கொண்டுவந்து நிறுத்தினார்கள். அவர்களோடு அவள் பழகத் தொடங்கியபின், இடைநடுவில் கட்டழகர்களையும் இறக்கினார்கள். கடைசியில் அவள் தேர்ந்தெடுத்தது ஒரு கட்டழகனை. அதே ஆண்டு ஃபொக்ஸ் நிறுவனம் ஆண்களுக்கு முகமூடி மாட்டிவிட்டது. 2009 இல் ஒல்லாந்திலிருந்து கிளம்பிய ‘இருட்டில் காதல்’ வகை நிகழ்ச்சியை ஏ.பி.சி. எடுத்துக்கொண்டது. 2021 இல் நெற்பிளிக்ஸ் காதலர்களுக்கு மிருக முகங்களை ஒட்டிவிட்டது.

இவை அனைத்திலும் ஒரு பொதுத்தன்மை உண்டு. முகத்தை மறைப்பது முகத்துக்கு எதிரான செயலல்ல. மறைக்க மறைக்க முகத்தின் விலை ஏறுகிறது. கதவு திறந்து இருவரும் முதன்முதலாகப் பார்த்துக்கொள்ளும் கணத்துக்காகவே நாங்கள் காத்திருக்கிறோம். விற்கப்படுவது அந்தக் கணம். அத்தோடு, கதவின் இருபுறமும் நிற்பவர்கள் பெரும்பாலும் இளைஞர்கள், மெலிந்தவர்கள், பார்வைக்கு இனியவர்கள். தோற்றத்தைக் காதல் வெல்லுமா என்று கேட்பவர்கள், வெல்லவேண்டிய தேவையே அதிகம் எழாத ஆட்களை முதலிலேயே பொறுக்கி எடுத்து வைத்திருக்கிறார்கள்.

இன்னொன்று: சுவர் முகத்தை மட்டும்தான் மறைக்கிறது. குரல் படிப்பைச் சொல்லும், உச்சரிப்பு வர்க்கத்தைச் சொல்லும், முதல் கேள்வியே தொழிலைச் சொல்லிவிடும். இதை எங்கள் ஆட்களுக்கு விளக்கத் தேவையில்லை. தொலைபேசியில் “நீங்கள் ஊரில எவ்விடம்?” என்று ஒரு கேள்வி. பிறகு கோயிலின் பெயர், ஒழுங்கையின் பெயர். மூன்றாவது நிமிடத்தில் சாதி தெரிந்துவிடும். எங்களுக்குக் கண்ணே தேவைப்படவில்லை.

எனினும், இத்தொடரை வெறும் சந்தைப் பண்டம் என்று ஒதுக்கிவிட முடியாது. முதற்பருவத்தில் கறுப்பினப் பெண்ணான லோரனும் வெள்ளையரான கமரனும் மணந்துகொண்டார்கள். இன்றும் சேர்ந்து வாழ்கிறார்கள். லோரனின் தந்தையின் தயக்கம் அதில் மறைக்கப்படவில்லை. தயாரிப்பாளர்கள் எதிர்பார்த்தோ எதிர்பாராமலோ, உண்மை சில இடங்களில் கசிந்துவிடுகிறது. அப்படிக் கசிந்த இடங்களில் இரண்டைப் பார்ப்போம்.

*

2022 இல் வந்த இரண்டாம் பருவம் சிக்காகோவில் நடக்கிறது. ஷேக் எனப்படும் அபிஷேக், தீப்தி இருவரும் இந்திய வம்சாவளியினர். இருவருமே அதுவரை பெரும்பாலும் வெள்ளையரையே காதலித்தவர்கள். சுவருக்குப் பின்னாலிருந்து ஷேக் பெண்களிடம் கேட்ட கேள்விகளில் ஒன்று, இசைவிழாவில் தன் தோளில் தூக்கிவைக்கக்கூடிய அளவு பாரமா என்பது. அதாவது, கண்ணைக் கட்டிவிட்டாலும் கையால் நிறுத்துப் பார்க்கிறார். தீப்தியோடு அவருக்கு நன்றாக ஒத்துப்போகிறது. சிரிக்கிறார்கள், அழுகிறார்கள், சம்மதிக்கிறார்கள். முகம் பார்த்தபின், தீப்தி இல்லாத இடங்களில், அவளோடு இருப்பது மாமியோடு இருப்பதுபோலிருக்கிறது என்று மற்றவர்களிடம் சொல்லித் திரிகிறார். மணமேடையில் ‘இல்லை’ என்றவள் தீப்தி.

‘ஈர்ப்பு வரவில்லை, என்ன செய்வது, அது இயற்கை’ என்பதுதான் ஷேக் தரப்பு வாதம். இங்குதான் நான் நிற்க விரும்புகிறேன். தன் தாயின் நிறத்தையும் சாயலையும் உடைய ஒரு பெண்ணைக் கண்டவுடன் ‘மாமி’ என்று மட்டும் தோன்றுகிற கண் இயற்கையானதா? பள்ளிக்கூடமும் சினிமாவும் விளம்பரமும் சேர்ந்து வருடக்கணக்காகப் பழக்கிய கண் அது. ஜோன் பேர்கர் 1972 இல் பி.பி.சி. யில் செய்த ‘வேய்ஸ் ஒஃப் சீயிங்’ தொடரிலும் அதன்வழி வந்த நூலிலும், பார்வை ஒருபோதும் வெறும் பார்வையாக இருப்பதில்லை என்பதை ஓவியங்களையும் விளம்பரங்களையும் வைத்துக் காட்டினார். பல்கலைக்கழகத்தை இடையில் விட்டு வந்த எனக்கு, அங்கு படித்தவற்றுள் மிஞ்சியிருப்பவைகளில் அதுவும் ஒன்று.

அதே 2022 இல் வந்த மூன்றாம் பருவத்தில் கோலிடம் மதிப்பெண் கேட்கப்படுகிறது. அவர் தன் வருங்கால மனைவி ஸனபுக்குப் பத்துக்கு ஒன்பதும், இன்னொருத்திக்குப் பத்தும் கொடுக்கிறார். ஸனப் இரண்டு சிறு தோடம்பழங்களை எடுத்தபோது, இரவுச் சாப்பாட்டுக்கு வயிற்றில் இடம் வைக்கச் சொல்வதுபோல் ஒரு கதை நடக்கிறது. அது ஏளனமா, சாதாரணப் பேச்சா என்று பார்வையாளர்கள் சண்டைபிடித்தார்கள். அந்தக் காட்சி தொடரில் இருக்கவில்லை. ஸனப் அதைப் பற்றிச் சொன்னபின், பருவ முடிவுச் சந்திப்பு நிகழ்ச்சியின் வாலில்தான் காட்டினார்கள். சாப்பாட்டுத் தட்டுகளோடு வாழ்பவன் என்பதால் எனக்கு இது உடனே உறைத்தது. ஒரு பெண் எதை, எவ்வளவு சாப்பிடுகிறாள் என்று மேசைக்கு எதிரே இருப்பவர் கணக்கெடுப்பதை, பாதி தொடாமல் திரும்பிவரும் கோப்பைகளில் நான் தினமும் காண்கிறேன்.

அந்தச் சிற்றறைகளும் ஒரு வேலைத்தலம்தான் என்பதையும் மறக்கக்கூடாது. இரண்டாம் பருவத்தில் பங்குபற்றிய ஒருவர் 2022 இல் வழக்குத் தொடுத்தார். நீண்ட நேரப் படப்பிடிப்பு, போதாத சாப்பாடு, தாராளமாக மது, சட்டப்படியான குறைந்தபட்சக் கூலிக்கும் கீழான கொடுப்பனவு என்பன அவருடைய குற்றச்சாட்டுகள். அந்த வழக்கு 2024 இல் சுமார் 14 லட்சம் டொலர் இணக்கத்தில் முடிந்தது. அவ்வாண்டு டிசெம்பரில் அமெரிக்கத் தேசியத் தொழிலுறவுச் சபையின் முறைப்பாடொன்று, பங்குபற்றுவோர் தொழிலாளர்களாகவே கணிக்கப்படவேண்டும் என்றது. பசியோடும் நித்திரையின்றியும் குடித்தும் இருக்கும் ஒருவரிடம் பிறக்கும் உணர்வைக் காதல் என்று விற்கிறார்கள்.

*

ஷேக்கைத் திட்டுவது எனக்குச் சுலபமல்ல. காரணத்தைச் சொல்லாமல் இந்தக் கட்டுரையை முடித்தால் அது நேர்மையாகாது.

நான் 2011 இல் இங்கு வந்தேன். 2014 இல், உறவினர் ஒருவர் மூலம் புதுக்குடியிருப்பைச் சேர்ந்த ஒரு பெண்ணோடு பேசத் தொடங்கினேன். அவளிடம் இருந்தது பழைய தொலைபேசி, குரல் மட்டும்தான். நான் வேலை முடிந்து கடைசி மெற்றோ பிடித்து அறைக்கு வர அங்கே விடியப்போகும். அவள் எழும்பி அடுப்பு மூட்டும் நேரம். பதினான்கு மாதங்கள் பேசினோம். முகாமைப் பற்றி, பதுங்குகுழியில் அவள் வாசித்துக்கொண்டிருந்த கிழிந்த புத்தகத்தைப் பற்றி, நான் விட்டுவந்த படிப்பைப் பற்றி. 2009 இல் ஷெல் துண்டு பட்டுக் கன்னத்தில் காயம் என்று அவள் முதல் மாதத்திலேயே சொல்லியிருந்தாள். எதையும் ஒளிக்கவில்லை. நான் அதற்கு ‘முகத்தில் என்ன இருக்கு’ என்று பதில் சொன்னேன். சொன்னபோது அதை நம்பினேன்.

பிறகு அவள் தம்பி ஒரு புதுத் தொலைபேசி வாங்கிக்கொடுத்தான். கமெராவைப் போட்டோம். கன்னத்திலிருந்து தாடைவரை இழுபட்ட தழும்பு. நான் நன்றாகத்தான் பேசினேன் என்று நினைக்கிறேன். அடுத்த கிழமை வேலை கூட என்றேன். அதற்கடுத்த கிழமையும் வேலை கூட. அக்காவிடம் நான் சொன்ன வசனம் இன்றும் நினைவிருக்கிறது: “அவளோட கதைக்கேக்க ஒரு தங்கச்சி மாதிரித்தான் இருக்கு.” ஷேக் ‘மாமி’ என்றார், நான் ‘தங்கச்சி’ என்றேன். உறவுப் பெயரைச் சொல்லி ஒருத்தியை மரியாதையாகக் கழற்றிவிடும் வித்தை எங்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. அவள் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. பேசுவது நின்றுபோயிற்று.

என் வலது முழங்கைக்குக் கீழே கொதி எண்ணெய் பட்ட அடையாளம் ஒரு சாண் நீளத்துக்கு இருக்கிறது. எந்தக் கலியாணப் பேச்சிலும் அது கதையாக வந்ததில்லை. ஆணின் தழும்பு உழைப்பு, சிலவேளை வீரம். பெண்ணின் தழும்பு குறை. ஒரே யுத்தத்தைச் சந்தித்த சனம்தான் இந்தக் கணக்கையும் வைத்திருக்கிறது. அந்த யுத்தத்தைப் பற்றி இரவிரவாகக் கதைத்த நானும் அதே கணக்குத்தான் பார்த்தேன்.

ஆகவே, காதல் தோற்றத்தை வெல்லுமா என்ற கேள்வியே பிழையாகப் போடப்பட்டது என்று கருதுகிறேன். சுவர் எதையும் வெல்வதில்லை. அது ஒத்திப்போடுகிறது. எனக்குப் பதினான்கு மாதச் சுவர் இருந்தும் பழைய கண் அப்படியே காத்திருந்தது. கண்ணை மாற்றுவது மறைப்பு அல்ல, கண்டுகொண்டே கூட இருக்கும் காலம். லூசி ஹன்ற், போல் ஈஸ்ற்விக், ஈலை ஃபிங்கல் ஆகியோர் 167 சோடிகளைக் கொண்டு செய்து 2015 இல் வெளியிட்ட ஆய்வு இதற்கு அருகில் வருகிறது. சந்தித்த சிறிது காலத்திலேயே காதலரானவர்கள் தோற்றத்தில் ஏறக்குறைய ஒரே தரத்தில் இருந்தார்கள். நீண்டகாலம் பழகிப் பின் காதலரானவர்களிடையே அந்தப் பொருத்தம் குறைந்திருந்தது. அவர்கள் சுவருக்குப் பின்னால் இருந்தவர்களல்லர். ஒருவரையொருவர் பார்த்துப் பழகியவர்கள். நான் அவளுக்கு அந்தக் காலத்தைக் கொடுக்கவில்லை. இரண்டு கிழமைகூடக் கொடுக்கவில்லை.

*

இந்தக் கட்டுரையை எழுத முன் அண்ணையிடம் கேட்டேன், ஏயார்போட்டில் தங்கச்சிக்குப் பதிலாக அக்காவைக் கண்டபோது என்ன செய்தீர்கள் என்று.

“என்ன செய்யிறது, நல்ல குளிர். என்ர கோட்டைக் கழட்டிக் குடுத்தனான். பிறகு ஒரு வருசம் வீட்டில முகம் குடுத்துக் கதைக்கேல்ல. அவ துப்பரவு வேலைக்குப் போகத் தொடங்கினா. நான் இரவு வர அவ விடியப் போவா. அதுக்குப் பிறகு பிள்ளையள்.”

“இப்ப?”

“அவ வடிவோ எண்டு இப்ப கேட்டா எனக்குச் சொல்லத் தெரியாது தம்பி. அது அவவின்ர முகம்.”

நாங்கள் திரும்ப வேலைக்கு எழும்பும்போது, அடுப்பைப் பற்றவைத்துக்கொண்டே அண்ணை சொன்னார்: “ஆனா ஒண்டு. அண்டைக்கு என்னைக் கண்டிட்டு அவ என்ன நினைச்சாவோ? அவவுக்கும் ஆரின்ர போட்டோவைக் காட்டினவையோ? முப்பது வருசத்துக்கு மேல. நான் ஒருநாளும் கேக்கேல்ல.”