நாடு கடத்தப்பட்ட இளவரசனும் கப்பலேறிய நம் சனமும்

உழவர்கரையில் எங்கள் வீட்டுத் திண்ணையில் 'பார்த்திபன் கனவு' சத்தம் போட்டு வாசிக்கப்பட்ட நாட்கள் உண்டு. எழுதப் படிக்கத் தெரியாத ஆயாவுக்காக நான்தான் வாசிப்பேன். சோழ இளவரசன் விக்கிரமன் கப்பலேற்றப்படும் கட்டத்தில் எனக்குக் குரல் கம்மிவிட்டது. ஆயா வெற்றிலையை மென்றுகொண்டே கேட்டது: "ராசா மவன் கப்பல் ஏறுனதுக்கு இந்த அழுவ அழுவுறியே, நம்ம சனம் கப்பல் ஏறுனப்ப எவன்டா அழுதான்?"

அன்றைக்கு எனக்குப் பதில் தெரியவில்லை. எம்.ஏ. தமிழ் படித்தபோதும் வகுப்பறையில் அந்தக் கேள்வி எழவேயில்லை. சரித்திர நாவலைப் பற்றிப் பேசுவதென்றால் ஆயாவின் கேள்வியிலிருந்துதான் தொடங்க வேண்டும் என்று இப்போது நினைக்கிறேன்.

கல்கி இக்கதையைத் தம் பத்திரிகையில் 1941-42இல் தொடராக எழுதினார். கப்பம் கட்ட மறுத்துப் போரில் சாகிறான் பார்த்திபன். மகன் விக்கிரமன் கலகக்கொடி ஏற்றிப் பிடிபட்டு, பணிய மறுத்து, நாடு கடத்தப்படுகிறான். போய்ச் சேர்ந்த செண்பகத் தீவிலோ அவனையே அரசனாக்கிக்கொள்கிறார்கள். இரத்தின வியாபாரி வேடத்தில் திரும்பி வருகிறான். கடைசியில் சோழநாட்டுக்கு விடுதலை, சக்கரவர்த்தி மகள் குந்தவியோடு கல்யாணம். நாடு கடத்திய நரசிம்மவர்மரே சிவனடியார் வேடத்தில் அவனைக் காத்துவந்தவர் என்பதுதான் கதையின் முடிச்சு.

ஆக, கடத்தியவரும் காப்பாற்றியவரும் ஒருவரே. அதிகாரம் ஓர் அரண்மனையிலிருந்து இன்னொரு அரண்மனைக்குக் கைமாறுகிறது. கல்யாணம் அதற்குப் பத்திரம் எழுதிக் கொடுக்கிறது. இளவரசன் தேடுவது புது அதிகாரம் அல்ல, அப்பன் வீட்டுச் சொத்து. வெள்ளையன் ஆண்ட காலத்தில் இதை விடுதலைக் கதையாக வாசித்தார்கள். அந்த வாசிப்பில் நியாயம் இல்லாமல் இல்லை. ஆனால் யாருக்கு விடுதலை என்று கேட்டால் பிரதி மௌனமாகிவிடுகிறது.

ஓடக்காரன் பொன்னனைப் பாருங்கள். அவனும் வள்ளியும் உயிருள்ள பாத்திரங்கள்; கல்கியின் கைத்திறனை நான் மறுக்கவில்லை. ஆனால் பொன்னனுக்கென்று ஒரு கனவு இருக்கிறதா? பார்த்திபனுக்குக் கனவு, விக்கிரமனுக்குக் கனவு. பொன்னனுக்கு இருப்பது விசுவாசம். துடுப்பு அவன் கையில், திசை வேறொருவன் கையில். நம்மில் யாரைக் கதைக்குள் சேர்த்தாலும் இந்த நிபந்தனையோடுதான் சேர்க்கிறார்கள்.

இது தமிழுக்கு மட்டும் உரிய வியாதி அல்ல. வடதேசத்துக் கடலோடிகளின் பழங்கதைகளில் சிவப்பு எரிக் என்று ஒரு வீரன். சுமார் 982இல் ஐஸ்லாந்திலிருந்து நாடு கடத்தப்பட்டு, கிரீன்லாந்தில் குடியேற்றம் அமைத்துத் தலைவனானவன். சாகச எழுத்தாளர்களுக்கெல்லாம் அவன் வகையறாதான் மூலதனம். அவன் சண்டை எங்கே தொடங்கியது தெரியுமா? அவனுடைய அடிமைகள் பக்கத்துப் பண்ணையின்மேல் மண்சரிவை உண்டாக்கினார்கள் என்று சொல்லி, அந்தப் பண்ணைக்காரனின் உறவினன் அவர்களைக் கொன்றான். அதற்குப் பழியாக எரிக் அவனைக் கொன்றான். கொன்றவன் பெயர் கதையில் இருக்கிறது. செத்த அடிமைகளுக்குப் பெயர் இல்லை. அவர்கள் பிணத்தின்மேல் ஏறித்தான் கதாநாயகன் கப்பலுக்குப் போகிறான்.

சரித்திர ஆதாரம் இல்லாததால் நம்மை எழுத முடியவில்லை என்று சொல்வார்கள். பொய். 'பொன்னியின் செல்வன்' 1950 முதல் 1954 வரை தொடராக வந்தது. அதன் நாயகன் பின்னாளில் ராஜராஜனாகி எடுப்பித்த தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுகளில், வரி நீக்கிய நிலங்களின் பட்டியலில் பறைச்சேரி இருக்கிறது, தீண்டாச்சேரி இருக்கிறது, சுடுகாடு இருக்கிறது. கல்வெட்டுக்காரனே நம்மை விட்டுவிடவில்லை. வந்தியத்தேவன் குதிரை மட்டும் சேரிப்பக்கம் திரும்பவில்லை.

இப்போது எங்கள் ஊருக்கு வருவோம். பிரபஞ்சன் 'மானுடம் வெல்லும்', 'வானம் வசப்படும்' நாவல்களில் ஆனந்தரங்கப் பிள்ளையின் நாட்குறிப்பை ஆதாரமாகக் கொண்டு பதினெட்டாம் நூற்றாண்டுப் புதுச்சேரியை எழுதினார். பின்னதற்கு 1995இல் சாகித்ய அகாதமி விருது கிடைத்தது. வாள்வீச்சும் வர்ணனையும் இல்லாமல் சரித்திர நாவல் எழுத முடியும் என்று காட்டியது பெரிய காரியம். ஆனாலும் பிள்ளை கும்பினியின் துபாஷி. அவர் கண்ணுக்கு எட்டியதுதான் குறிப்பில் ஏறும். அப்படிப்பட்டவரே 1745இல் ஒரு விஷயத்தை எழுதாமல் இருக்க முடியவில்லை. தேவாலயத்துக்குள் சாதிக் கிறிஸ்தவர்களையும் நம் சனத்தையும் பிரித்து ஒரு சுவர் நின்றது. நம்மவர்கள் திரண்டுபோய்ப் பாதிரியாரிடம் நியாயம் கேட்டார்கள். சுவர் இடிந்தது, சாதிக்காரர்கள் கொதித்தார்கள். வாள் இல்லை, குதிரை இல்லை, மாறுவேடம் இல்லை. இதைவிடச் சாகசம் எது?

ஆயா சொன்ன கப்பலுக்கும் ஆதாரம் உண்டு. பிரெஞ்சுக் காலனிகளில் 1848இல் அடிமைமுறை ஒழிந்ததும் கரும்புத் தோட்டங்களுக்கு ஆள் தேவைப்பட்டது. புதுச்சேரி, காரைக்காலிலிருந்து ஆள் ஏற்றினார்கள். 1853இல் 'ஒரேலி' என்ற கப்பல் மார்த்தினிக் தீவில் முதல் தொகுதியை இறக்கியது. 1880களின் முடிவுக்குள் அத்தீவுக்குச் சுமார் 25,000 பேரும் குவாதலூப்புக்குச் சுமார் 42,000 பேரும் இந்தியாவிலிருந்து போனார்கள். ரெயூனியன் கணக்கு தனி. போனவர்கள் எல்லோரும் நம்மவர்கள் அல்ல. ஆனால் பண்ணையில் கிடந்து பஞ்சத்தில் விரட்டப்பட்ட நம் சனம் அதில் உண்டு. விக்கிரமனுக்குத் தீவு ராஜ்ஜியமானது. இவர்களுக்குத் தீவு கரும்புக்கொல்லையானது. பெரும்பாலோர் திரும்பவேயில்லை.

போகாமல் இங்கேயே அதிகாரத்தைத் தேடியவர்களும் உண்டு. சாதிவழக்குச் சட்டத்தைத் துறந்து பிரெஞ்சுச் சிவில் சட்டத்துக்குள் வரலாம் என்று 1881இல் ஆணை வந்தபோது, நம்மவர்கள் பலர் கையெழுத்தும் கைநாட்டும் வைத்துப் புதுக் குடும்பப் பெயர் எடுத்துக்கொண்டார்கள். சாதியால் தாழ்த்தியவனைச் சட்டத்தால் நிமிர்ந்து பார்க்க முயன்றார்கள். அது எவ்வளவு தூரம் பலித்தது, எங்கே ஏமாற்றியது என்பது ஒரு நாவலுக்கான விஷயம்.

கல்கியைக் கொளுத்தச் சொல்லவில்லை. வாசியுங்கள், நானும் இன்னும் வாசிக்கிறேன். வாசிக்கும்போது துடுப்பு யார் கையில் என்று பாருங்கள். எழுதுகிற தோழர்களுக்கு ஒன்று சொல்வேன்: நமக்கும் ஒரு ராஜா வேண்டும் என்று தேடிப்போகாதீர்கள். பட்டத்தை நம் தலையில் வைத்து எழுதினாலும் ஓடம் தள்ள இன்னொருவன் வேண்டியிருக்கும்.

உழவர்கரை என்று ஊருக்குப் பெயர் இருக்கிறது. உழுதவன் பெயர் எந்த நாவலிலும் இல்லை. ஆயா இப்போது இல்லை. அது கேட்ட கேள்விக்கு அழுது பதில் சொல்ல முடியாது, எழுதித்தான் சொல்ல வேண்டும்.